குதிகால் படாத கிலோமீட்டர்

"இனிமே என் வண்டியில பின்னாடி யாரும் உக்கார மாட்டாங்க."

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான்."

"உங்க வண்டியில பின்னாடி உக்கார்றது உலகத்துலயே நான் ஒருத்திதான். ஏதோ ஊரே வரிசையில நிக்கிற மாதிரி பேசறீங்க. நேரா சொல்லுங்க."

"சரி, நீதான். நீ உக்கார மாட்டே."

"சரி."

இந்தப் பேச்சு நடந்து ஆறு வருடம் ஆகிறது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன். இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. என் கணவர் பக்கத்து ஸ்டூலில், முழங்கையில் ஒரே ஒரு பிளாஸ்திரியோடு, கொலைக் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். ரவுண்டானாவில் யாரோ எண்ணெய் சிந்தியிருந்தார்கள். அதற்கு அவர் என்ன செய்வார்? வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது, சறுக்கி மெதுவாகத்தான் சாய்ந்தது. அவருக்குச் சிராய்ப்பு, எனக்கு முழங்கால். அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் "சரி" என்று சொன்னதில் பாதி வலி மருந்து பேசியது. மீதிப் பாதி, ஒரு மாதத்தில் மறந்துவிடுவார் என்கிற நம்பிக்கை. அவர் மெக்கானிக். மெக்கானிக் எதையும் மறப்பதில்லை என்பதை நான்தான் மறந்துவிட்டேன். நான் வீடு திரும்புவதற்குள் நாங்கள் விழுந்த அந்தப் பெரிய வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தனக்கென்று ஒரு சின்ன வண்டி வாங்கி, அதன் பின்சீட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு டூல் பெட்டியை நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அந்த நான்கு போல்ட்டும் இன்றுவரை அசையவில்லை.

பெரிய வண்டியை நான் எடுத்துக்கொண்டேன். கால் சரியானதும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவர் அவரேதான். ஆனால் பின்னால் உட்காரவில்லை, பக்கத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தார். அதிலிருந்து எங்கே போனாலும் நாங்கள் இரண்டு வண்டியில்தான் போவோம். ஒரே வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு, இரண்டு தபால்காரர்கள் மாதிரி.

"பெட்ரோல் பங்க் ஏதாவது சொந்தமா வாங்கிட்டீங்களா?" என்று என் நாத்தனார் கேட்பாள். நாங்கள் இரண்டு பேருமே சிரித்து வைப்போம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால் முறிந்தவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும் மறுபடி நடக்கச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் எங்கள் நடைக்கூடம். இடுப்பு உயரத்தில் இரண்டு நீளக் கம்பிகள். ஒரு முனையில் ஆள் உயரக் கண்ணாடி, மறுமுனையில் சக்கர நாற்காலிகள். நடுவில் இருக்கும் எட்டு மீட்டர்தான் என் உலகம். நோயாளிகள் என்னை 'நடை டீச்சர்' என்பார்கள்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. குதிகால் தரையில் படாத அடி கணக்கில் சேராது. நுனிக்காலில் தத்தித் தத்திப் பத்து அடி போய்விட்டு "பத்து!" என்று கத்துகிறவர்களிடம் நான் "ஏழு" என்பேன். திட்டுவார்கள். திட்டட்டும், குதிகாலை ஊன்றினால்தான் முழங்கால் வலுப்பெறும்.

உண்மையைச் சொன்னால் அந்தச் சட்டத்தைப் போட்டவர் என் கணவர். ஆறு வருடத்துக்கு முன்னால் அதே கம்பிகளுக்கு நடுவே நானே நோயாளியாக நின்றபோது, ஒர்க் ஷாப்பைப் பூட்டிவிட்டுக் கை நிறைய கிரீஸோடு தினமும் வந்து கண்ணாடிப் பக்கம் குந்தி உட்காருவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார், பாதத்தைத்தான் பார்ப்பார்.

"குதிகால் படலை. இது சேராது."

"நான் இந்த வேலையில பத்து வருஷம் சர்வீஸ், தெரியுமா?"

"அந்தப் பத்து வருஷமும் பட்டுச்சு. இப்ப படலை. மறுபடி போ."

நான் நடந்தது அப்படித்தான்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். எங்கள் கூடத்துக்கு ஒரு தண்டவாளம் தேவைப்பட்டது. ரயில் தண்டவாளம் இல்லை, கூரையில் பொருத்துவது. அதிலிருந்து ஒரு பெல்ட் தொங்கும். நோயாளியின் மார்பைச் சுற்றி அதை மாட்டிவிட்டால், கால் மடங்கினாலும் ஆள் விழ மாட்டார். விழமாட்டோம் என்று தெரிந்தால் பாதிப் பேர் ஒரு மாதம் முன்பே நடந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். போன வருடமும் அடுத்த வருடம் என்றுதான் சொன்னார்கள்.

"அப்ப நான் வண்டியிலயே போய்க் கேக்கறேன்" என்றேன் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில். "மூவாயிரம் கிலோமீட்டர், எட்டு நாள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒருத்தர் பணம் கட்டட்டும்."

நாத்தனார் பள்ளிக்கூட ஆசிரியை. நோட்டுப் புத்தகம் இல்லாமல் அவளால் மூச்சுகூட விட முடியாது. அன்றைக்கே படிவம் எழுதிவிட்டாள். 'இந்த வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான் தருவதாக ஒப்புக்கொள்ளும் தொகை' என்று தொடங்கும் அது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் மீட்டரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அவள் அதை எல்லோருக்கும் அனுப்புவாள்.

நான் கடை கடையாக ஏறினேன். கேட்பதில் எனக்குக் கூச்சமே கிடையாது. மருந்துக்கடை, மரக்கடை, வங்கி, முடிதிருத்தும் கடை என்று ஒன்றையும் விடவில்லை.

"ஊரெல்லாம் வாய் கூசாம கேக்கறீங்க அண்ணி. எங்க அண்ணன்கிட்ட ஒரு குடைகூட கேட்டதில்லையே, ஏன்?" என்றாள் நாத்தனார்.

"குடைதான் வீட்டுல நாலு இருக்கே."

"நான் குடையைப் பத்தியா கேட்டேன்?"

படிவங்களை அடுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். மற்றவர்களுக்காகக் கேட்பது சுலபம், கை நீட்டுவது நானில்லை என்று மனசுக்குத் தெரியும். எனக்கென்று கேட்கும்போதுதான் நாக்கு மடங்குகிறது. ஆறு வருடமாக என் வாய்க்குள் ஒரே ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்கிற சாயங்காலங்களில் அது நுனிநாக்கு வரை வரும். அவர் தன் டூல் பெட்டிமேல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விடும்.

பெரிய தொகை லாரி முதலாளியிடமிருந்து வந்தது. நாற்பது லாரி வைத்திருப்பவர், பேசும்போதும் ஹாரன் அடிக்கிற குரல். "டீச்சரம்மா, சில்லறைக் கணக்கெல்லாம் எனக்கு வராது. கிளம்பின எட்டாம் நாள், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மூவாயிரம் முழுசா ஓடிட்டு வாங்க, தண்டவாளத்துல பாதி என்னோடது. ஒரு கிலோமீட்டர் குறைஞ்சாலும் ஒரு டீ மட்டும்தான் வாங்கித் தருவேன்" என்றார். அந்தப் பாதி இல்லாவிட்டால் மீதிப் பாதியை வைத்துத் தண்டவாளம் வாங்க முடியாது. பாதித் தண்டவாளத்தில் யாரும் நடக்க முடியாது.

கூடத்தில் ஒரு டாக்ஸிக்காரர் இருந்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் இழுத்துக்கொண்டவர். கம்பியைப் பிடிக்காமல் நான்கு அடிக்கு மேல் வராது. அவர் கையில் பணமில்லை. "நீங்க நூறு கிலோமீட்டர் ஓடினா நான் ஒரு அடி. மூவாயிரத்துக்கு முப்பது அடி, கம்பியைத் தொடாம. எழுதிக்கோங்க" என்றார். நாத்தனார் அதற்கும் ஒரு படிவம் நிரப்பினாள்.

வண்டியைத் தயார் செய்ய என் கணவர் பத்து நாள் எடுத்துக்கொண்டார். எஞ்சினைப் பிரித்தார், செயின் மாற்றினார், பிரேக் மாற்றினார். கிளம்புகிற அன்று காலை வண்டிமேல் ஏறி உட்கார்ந்தவள் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தேன். என்னவோ வித்தியாசமாக இருந்தது. விபத்துக்குப் பிறகு இடது முழங்கால் எனக்கு முழுசாக நீளாது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் நுனிக்காலில்தான் ஊன்றுவேன். பழகிவிட்டது. அன்றைக்குக் குதிகால் அழகாகத் தரையில் பட்டது.

"புது பூட்ஸ் நல்லா இருக்கு. அடி கனமா இருக்கோ?" என்றேன்.

"ம்" என்றார், கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டு. "நிக்கிற இடத்துல எல்லாம் வண்டியில உக்காந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வண்டி முழுசா தெரியணும்."

"எதுக்கு?"

"ஆயில் ஒழுகுதான்னு பார்க்கணும்."

சாலைகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியும், ஓட்டாதவர்களுக்கு அலுக்கும். முதல் நாள் தோள்பட்டை வலித்தது, இரண்டாம் நாள் உட்காருகிற இடம் வலித்தது, மூன்றாம் நாள் வலி தானாகவே அலுத்துப்போய் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் நானும் வண்டியும்தான். எஞ்சின் சத்தத்தைக் காலிலேயே கேட்கத் தொடங்கினேன். மண் ரோடு, மலை ரோடு, ஆறு மணி நேரம் விடாமல் அடித்த மழை எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. எங்கேயாவது நிறுத்தினால் நாலு பேர் கூடுவார்கள். தண்டவாளத்தைப் பற்றி நான் ஆரம்பித்தால் நாலில் மூன்று பேர் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் நகர மாட்டார்கள். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் போன் வரும். எல்லா மனைவிகளிடமும் "சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். இவர் "ஆயில் பார்த்தியா?" என்பார்.

"பார்த்தேன். நானும் சாப்பிட்டேன்."

"அது நீ பார்த்துக்குவே. செயின்?"

ஆறாம் நாள் நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, எங்கயாவது வழி தவறிச் சுத்திட்டீங்களா? மேப்புல இருக்கறதைவிடத் தொண்ணூறு கிலோமீட்டர் அதிகமா ஓடியிருக்கீங்க."

இரண்டு இடத்தில் வழி தவறிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது உண்மைதான். ஆனால் அவ்வளவா? "இருக்கும்" என்றேன்.

"அப்ப நாளைக்கு அணைக்கட்டைச் சுத்தற வளையம் வேண்டாம். அது நூத்துப் பதினஞ்சு. விட்டுட்டு நேரா வீட்டுக்கு வாங்க. கொஞ்சம் குறைஞ்சா ஊருக்குள்ள சுத்தி முடிச்சுக்கலாம்."

மழையில் நனைந்த ஜாக்கெட் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷமாகச் சரி என்றேன். அணைக்கட்டை விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கிளம்பிவிட்டேன். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பெரிய நெடுஞ்சாலை. வளைவே இல்லாத நேர் ரோடு. ஓரத்தில் புதிதாக வர்ணம் பூசிய கிலோமீட்டர் கற்கள், ஒன்று விடாமல். அடிகளை எண்ணுகிற தொழில் எனக்கு. எண்ணக்கூடிய பொருள் கண்ணில் பட்டால் எண்ணாமல் இருக்க முடியாது. என் ஊருக்கு இன்னும் இருநூற்று ஐம்பது என்று சொன்ன கல்லில் மீட்டரைப் பார்த்துக்கொண்டேன். இருநூறு சொன்ன கல்லில் மறுபடி பார்த்தேன். ஐம்பது ஓடியிருக்க வேண்டும், ஐம்பத்திரண்டு காட்டியது. நான்தான் தப்பாகப் பார்த்தேன் என்று நினைத்தேன். நூற்றைம்பது சொன்ன கல்லில் அது நூற்றுநாலு ஆனது.

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினேன். குதிகால் தரையில் பட்டது. அப்போதுதான் எனக்குப் புரியத் தொடங்கியது.

இறங்கி முன் சக்கரத்துக்கு எதிரில் குந்தினேன். டயரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மண்ணைக் கையுறையால் துடைத்தேன். இந்த வண்டிக்கு எப்போதும் பத்தொன்பது அங்குலச் சக்கரம். ஒரு மெக்கானிக்கின் மனைவிக்கு அது தன் செருப்பு அளவு மாதிரி தெரியும். டயரில் பதினெட்டு என்று இருந்தது. பழைய மாடல் வண்டி இது. முன் சக்கரம் சுற்றுகிற சுற்றை எண்ணித்தான் மீட்டர் ஓடும். சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும், மீட்டரும் அதிகமாகக் காட்டும். நான் வழி தவறவே இல்லை. தொண்ணூறு கிலோமீட்டர் அதிகமாக ஓடவும் இல்லை. அணைக்கட்டைத்தான் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

போன் செய்தேன்.

"ஆயில் பார்த்தியா?"

"ஆயில் இருக்கு. முன் சக்கரத்தைத்தான் காணோம்."

"என்ன சொல்றே!" என்று அலறினார். பின்னால் ஏதோ ஸ்பானர் விழுந்த சத்தம் கேட்டது.

"பத்தொம்போது இருந்த இடத்துல பதினெட்டு இருக்கு."

அந்தப் பக்கம் ஒர்க் ஷாப் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு சக்கரத்தையும் மாத்தினேன்" என்றார் கடைசியில். "சீட்டுல பஞ்சையும் ரெண்டு விரல் குறைச்சேன். உனக்குக் கால் எட்டணும்னுதான்... சொன்னா அந்தக் காலைப் பத்திப் பேசற மாதிரி ஆயிடும்னு சொல்லலை."

"மீட்டர் ஞாபகம் வரலையா?"

"அதுக்கு ஒரு சின்ன பல்சக்கரம் மாத்தணும். கடையில இல்லைன்னான். அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன், அப்படியே மறந்து போச்சு."

"தினமும் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பினேனே! பார்க்கவே இல்லையா?"

"நான் எங்க மீட்டரைப் பார்த்தேன்? இன்னொரு போட்டோல உன் காலைத்தான் பார்த்தேன். குதிகால் படுதான்னு."

பங்கில் பெட்ரோல் போடுகிற பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை.

"எவ்வளவு குறையும்?" என்று கேட்டார் குற்றவாளிக் குரலில். அதே ஸ்டூல், அதே குரல்.

"அணைக்கட்டு வளையம் அப்படியே. நூத்துப் பதினஞ்சு."

"நான் போய் லாரிக்காரர்கிட்ட சொல்றேன். தப்பு என்னோடது."

"ஒண்ணும் வேண்டாம். நான் வந்து பேசிக்கறேன். நீங்க அந்த ஸ்பானரை எடுத்து மேல வைங்க, யாராவது மிதிக்கப் போறாங்க."

மிச்சமிருந்த நூற்றைம்பது கிலோமீட்டரும் யோசித்துக்கொண்டே வந்தேன். மறைப்பதா என்று யோசிக்கவில்லை, அதற்கு யோசனை தேவையில்லை. தினமும் காலையில் எட்டு மீட்டருக்கு நடுவே நின்றுகொண்டு, வியர்த்துக் கொட்டுகிற மனிதர்களைப் பார்த்து "சேராது" என்று சொல்கிறவள் நான். நான் யோசித்தது வேறு. அந்த நூற்றுப் பதினைந்தை எப்படி ஓடுவது என்பதை.

ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். நடைக்கூடத்து நாற்காலிகள் வரிசையாக வெளியே வந்திருந்தன. நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து மீட்டரைப் பார்த்து, கிளம்பிய அன்று குறித்த எண்ணைக் கழித்தாள்.

"மூவாயிரம்! அண்ணி, வாசல்ல வந்து சரியா மூவாயிரம்! ஒண்ணு கூடலை, ஒண்ணு குறையலை!"

கைதட்டல் கிளம்பியது. டாக்ஸிக்காரர் கம்பியில்லாமல், இரண்டு பக்கமும் இரண்டு பேர் தயாராக நிற்க, நிமிர்ந்து நின்றிருந்தார். "டீச்சர், காலையிலேர்ந்து இருபத்தொம்போது முடிச்சுட்டேன். உங்க கண்ணு முன்னாடி முப்பது வைக்கணும்னு நிக்கறேன்."

"வைக்காதீங்க. இன்னும் முப்பது வரலை" என்றேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னச் சக்கரம், அதிகம் காட்டுகிற மீட்டர், விட்டுவிட்ட அணைக்கட்டு. யார் மாற்றினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த என் கணவர் கையைத் தூக்கினார், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. "நான்தான் மாத்தினேன்."

பிறகு லாரி முதலாளி தொண்டையைச் செருமினார்.

"டீச்சரம்மா, இருபது வருஷமா என் டிரைவருங்க மீட்டர்ல விதவிதமா கதை சொல்லியிருக்காங்க. மீட்டர் அதிகமா காட்டுதுன்னு வந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான். விடுங்க. மீட்டர் மூவாயிரம் சொல்லுது, நானும் மூவாயிரம் சொல்றேன். செக் ரெடி."

நாத்தனார் என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணி என்று அவள் கண் சொன்னது.

"குதிகால் படலைங்க" என்றேன். "சேராது."

நாற்காலிகளிலிருந்து முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் பல. அவர்களுக்குத் தெரியும் அது என்ன சட்டமென்று. லாரி முதலாளிக்குப் புரியவில்லை. டாக்ஸிக்காரர் மெதுவாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார். "அய்யா, இந்தம்மா இப்படித்தான். போன மாசம் நான் கம்பியைப் பிடிச்சு இருபது நடந்தேன், பதினொண்ணுன்னு எழுதினாங்க. அன்னைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கே! இப்பத்தான் ஆறுச்சு." பிறகு என்னிடம், "அப்ப என் கணக்கு? இருபத்தெட்டுதான் நான் வைக்க வேண்டியது. ஒரு அடி அட்வான்ஸா போயிடுச்சே!"

"அதை வெச்சுக்கோங்க. சாயங்காலம் கழிச்சுக்கறேன்."

லாரி முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். அந்த டீயை இப்பவே சொல்லட்டுமா?"

"ஆறு மணிக்குச் சொல்லுங்க. எல்லாருக்கும் சேர்த்து" என்றேன்.

என் கணவர் அதற்குள் ஒர்க் ஷாப்பிலிருந்து பழைய பத்தொன்பது அங்குலச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்திருந்தார். காலையில் போன் வைத்ததிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார் போலிருக்கிறது, கம்பிகள் பளபளவென்று இருந்தன. என் முகத்தைப் பார்க்காமல் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்பானரோடு உட்கார்ந்தார்.

"முன்னாடி ஒண்ணை மாத்தினா போதும், மீட்டர் சரியா காட்டும். இருபது நிமிஷத்துல முடிச்சிடறேன்."

"மாத்தாதீங்க."

"ஏன்?"

"இந்தச் சக்கரத்துலதான் எனக்குக் கால் எட்டுது. இதுலயே நூத்துப் பதினஞ்சுக்கு நூத்திருபது ஓடினா சரியாப் போச்சு. கணக்குப் போட எனக்குத் தெரியும்."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான் வண்டியின் பின்பக்கம் போனேன். எட்டு நாளாகப் பின்சீட்டில் கட்டியிருந்த பைகளின் கயிற்றை அவிழ்த்தேன். முதலில் மழைக்கோட்டுப் பை, அப்புறம் துணிப் பை, கடைசியாகப் படிவங்கள் அடைத்திருந்த பெட்டி. ஒவ்வொன்றாக நாத்தனார் கையில் கொடுத்தேன்.

"நல்லது அண்ணி, கனம் குறையட்டும்" என்றாள் அவள். "ஆனா கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்களேன். எட்டு நாளா ஓட்டிருக்கீங்க. கை வலிக்காதா?"

எனக்குக் களைப்பே இல்லை. நூற்றுப் பதினைந்து என்ன, இன்னொரு மூவாயிரம் ஓடிவிட்டு வர என்னால் முடியும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அன்றைக்கு என்னால் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன். முடியாதவளாக நின்று கேட்டிருந்தால் அவர் பரிதாபப்பட்டுச் செய்திருப்பார். பரிதாபம் எனக்கு வேண்டாம்.

கைக்குட்டையால் பின்சீட்டைத் துடைத்தேன். எட்டு நாள் தூசு, அதற்கடியில் ஆறு வருடம். சீட்டின் இடது ஓரத்தில் ரவுண்டானாவில் கிழிந்த இடத்தை அவர் தைத்திருந்த தையல் அப்படியே இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் போய் நின்றேன்.

"படிவத்துல என்ன எழுதியிருக்கே?" என்று திரும்பாமலே நாத்தனாரைக் கேட்டேன்.

"எதுல அண்ணி?"

"முதல் வரி. யார் ஓட்டணும்னு இருக்கா?"

பெட்டியிலிருந்து ஒரு படிவத்தை உருவும் சத்தம் கேட்டது. "'இந்த வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும்'னுதான் இருக்கு. யார்னு..." அவள் பாதியில் நிறுத்தினாள். என் நாத்தனார் புத்திசாலி. நோட்டுப் புத்தகம் இல்லாமலே சில விஷயங்கள் அவளுக்குப் புரியும்.

என் கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முதலில் சாவியை, அப்புறம் காலியாகக் கிடந்த பின்சீட்டை. முகம் அந்தக் கட்டில் பக்கத்து ஸ்டூலுக்குப் போய்விட்டது. "வேணாம்" என்று சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. அவர் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

"ஏங்க" என்றேன். "எனக்குக் கை வலிக்கலை. களைப்பும் இல்லை. உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்லவும் வரலை, அதுக்கு என்னைக்குமே அவசியம் இருந்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் 'சரி'ன்னு சொன்னது பொய். அந்த அடியும் சேராது. ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், உங்க ஒருத்தர்கிட்டதான் பாக்கி. நீங்க வண்டியை எடுங்க. நான் உங்க பின்னாடி உக்காந்து வரணும்."